புரானோ போனா லேஸ் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை, கம்பெனி விஷயமா இத்தாலி போறாரு, இந்த தடவ நானும் கூட போறேன். வெனிஸ்ல ரெண்டு நாள் இருப்போம். பக்கத்துல புரானோன்னு ஒரு தீவுல கையாலயே லேஸ் பின்றாங்களாமே, போய்ட்டு வரலாமா? நாத்தனாருங்க மூணு பேருக்கு வாங்கணும், ஏமாறாம எப்படி வாங்குறது?
– ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: தாராளமா போங்கம்மா. வெனிஸ்ல ஃபொண்டமென்டே நோவேன்னு ஒரு படகுத்துறை, அங்க 12ஆம் நம்பர் படகு ஏறுனா முக்கா மணி நேரத்துல புரானோ. ஒரு டிக்கெட் 75 நிமிஷத்துக்குத்தான் செல்லும், அதனால ஒரு நாள் பாஸ் எடுத்துட்டீங்கன்னா நிம்மதி. கலர் கலரா வீடு இருக்கும், போட்டோ எடுத்துக்கோங்க, அது ஓசி.

லேஸ்தான் ஓசி இல்ல. நான் போனப்போ ஒரு கடையில 'கைவேலை, கைவேலை'ன்னாங்க, பத்து யூரோவுக்கு ரவுண்டா டேபிள்ல போடுறது ஒண்ணு வாங்கிட்டு வந்து பெருமையா காட்டுறேன், காட்பாடியில எனக்கு ஜாக்கெட் தைக்கிற அம்மா திருப்பிப் பாத்துட்டு "இன்னாக்கா, மிஷின் லேஸுக்கு இம்மாந்தூரம் போனியா"ன்னுட்டாங்க. எல்லா ஓட்டையும் அச்சுல வாத்த மாதிரி ஒரே அளவு, ஓரத்துல நூல் பிசிறு. கைவேலைன்னா உத்துப் பாத்தா ஒரு தையல் கொஞ்சம் இறுக்கமா ஒரு தையல் கொஞ்சம் லூசா இருக்கும். ஆரணிப் பட்டுன்னு பவர்லூம் சேலைய தலையில கட்டுறாங்களே, அதே கததான் அங்கயும்.

நெஜ புரானோ லேஸு ஊசியும் நூலும் மட்டும்தான். டிசைன் வரைஞ்ச பேப்பர துணி மேல வெச்சுத் தச்சு, கோட்டு மேல நூல ஓட்டி, நடுவுல இருக்கிற வெத்து எடத்த பூரா ஊசியாலயே நிரப்புவாங்க. சட்டைக்கு காஜா எடுப்பாங்கல்ல, அந்த தையல்தான் இதுக்கும் அடிப்படை, ஆனா தாங்குறதுக்குத் துணி கிடையாது, அதனாலதான் இத்தாலிக்காரங்க இதுக்கு 'காத்துல போட்ட தையல்'னே பேரு வெச்சிருக்காங்க. கடைசியில அடியில இருக்கிற நூல வெட்டி விட்டா லேஸு மட்டும் தனியா கழண்டு வரும் பாருங்க, எனக்கு மூச்சே நின்னு போச்சு. முன்னாடி ஒரு துண்டுக்கு ஏழு பொம்பளைங்க, ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சு செய்வாங்களாம். உள்ளங்கை அளவுக்கே நாள் கணக்குல ஆவும், அப்புறம் பத்து யூரோவுக்கு எப்படி வரும்?

நடுவுல இந்த வேலையே அழிஞ்சு போற நெலமைக்கு வந்துச்சு. 1872ல தீவ சுத்தி இருக்கிற காயல் தண்ணி குளிர்ல ஒறஞ்சு மீன்பிடிப்பு படுத்து ஊரே பட்டினி, அப்போ பழைய தையல் தெரிஞ்ச ஒரே ஒரு கிழவி இருந்தாங்க, சென்சா ஸ்கார்பரியோலான்னு. அவங்கள வெச்சு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு, 1970 வரைக்கும் நடந்துச்சு. அதே கட்டடம்தான் இப்போ லேஸ் மியூசியம், கலுப்பி சதுக்கத்துல. கெளம்புறதுக்கு முன்னாடி தொறந்திருக்கான்னு பாத்துடுங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி அத பாருங்க, அப்புறம் கண்ணே சொல்லிடும். பாட்டிங்க உக்காந்து தச்சிட்டிருந்தா கேக்காம மூஞ்சிக்கு நேரா செல்ல நீட்டாதீங்க.

நாத்தனாருங்களுக்கு புஸ்ஸொலான்னு வெண்ணெ போட்ட வட்ட பிஸ்கெட் வாங்கிட்டு வாங்க, ஒடையாம வந்து சேரும். லேஸு உங்களுக்குன்னு சின்னதா ஒண்ணு மட்டும், யார் தச்சதுன்னு கேட்டு வாங்குங்க. மூணு பேருல ஒருத்திக்கு மட்டும் லேஸ் குடுத்துட்டு அப்புறம் எனக்கு இன்னொரு லெட்டர் போடாதீங்க.

கேள்வி: லேஸ் பின்ன தமிழ்நாட்டுல யாருக்கும் தெரியாதா?
– வாசகர், ஆற்காடு

பதில்: தெரியாம என்ன? திருநெல்வேலி பக்கம் இடையன்குடியில கால்டுவெல் வீட்டம்மா எலைசா பொம்பளைங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கும் முன்னாடியே நாகர்கோவில்ல மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா ஆரம்பிச்சாச்சு. ஆனா அது வேற வகை, தலகாணி மேல குண்டூசி குத்தி, சின்ன சின்ன கட்டையில சுத்துன நூல மாத்தி மாத்திப் போட்டு முறுக்குறது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க.