429 கோடிச் சொச்சம்: கேளுங்கள், சொல்கிறேன்

இன்றைக்கு எடுத்துக்கொண்ட எண் 4294967297, அதாவது 2^32 + 1.

கே: 7-இல் முடிகிறது, 3-ஆல் வகுபடவில்லை. பகா எண்தானே?
ப: இல்லை, 641 × 6700417. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வரும் வரிசை இது. முதலில் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்ணாக இருப்பதைப் பார்த்து, இந்த வரிசை முழுக்க அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640-இல் நம்பினார். 1732-இல் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார்.

கே: வகுக்காமலே 641-ஐக் காட்ட முடியுமா?
ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனியுங்கள். 640 என்பது 5 × 2^7, 641-க்கு 1 குறைவு என்பதால் அதன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28, மீதி 1. ஆனால் 5^4 என்பது 625, அதாவது 641-க்கு 16 குறைவு, எனவே அதன் இடத்தில் −16 போடலாம், அதுவோ −2^4. ஆக −2^32-இன் மீதி 1. அப்புறம் 2^32 + 1-இன் மீதி 0 என்பது தானாக வந்துவிடும்.

கே: 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை (எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்தேன், தேறிவிட்டதே?
ப: சோதனையில் தேறுவது வேறு, பகா எண்ணாக இருப்பது வேறு. இந்த வரிசையில் எந்த எண்ணும் 2-க்குத் தேறிவிடும். 3-ஐ வைத்துப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும்.

கே: 7-இல் முடிந்தால் பகா எண் இல்லையா?
ப: 27.

கே: ஃபெர்மா பாவம் சார், கால்குலேட்டர் இல்லாத காலம்.
ப: ஒத்துக்கொள்ள மாட்டேன். இதன் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகத்தான் இருக்கும். 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்!

கே (அவரே): அந்த விதி ஆய்லர் சொன்னது. ஃபெர்மா தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?
ப: ஆய்லர் எழுதிக் காட்டினார், சரி. ஆனால் ஃபெர்மாவின் சொந்தச் சிறிய தேற்றத்திலிருந்தே (தன்னால் வகுபடாத எந்த எண்ணை வைத்தாலும் பகா எண் மேலே சொன்ன சோதனையில் தேறும் என்பது) அது வந்துவிடுகிறது, அந்தத் தேற்றமும் அதே 1640-தான். வகுத்துப் பார்த்துக் கழித்தலில் சறுக்கியிருக்கலாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கருவி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கே: 2-க்குத் தேறிய எண் எப்படிப் பகு எண் ஆகும்?
ப: மேலே படியுங்கள். சோதனை வேறு, நிரூபணம் வேறு.

கே: காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்ல வழி உண்டா?
ப: உண்டு, அழகான வழி. 65536² + 1² என்று இதை எழுதலாம், 62264² + 20449² என்றும் எழுதலாம். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். இரண்டு விதம் கிடைத்தால் கதை முடிந்தது.

கே: இந்த எண் ராசியானதா?
ப: ஜோசியரைக் கேளுங்கள்.

கே: அடுத்த எண்களாவது பகா எண்ணா?
ப: 2^64 + 1-ஐ 274177 வகுக்கும், 1880-இல் பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி வெளியிட்டது. 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இதுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை.