புது இன்ஜின் நன்றாக ஓடுகிறது, புல்தான் வெட்டவில்லை

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். உட்கார்ந்து ஓட்டும் பழைய புல்வெட்டும் டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டு வளாகத்தையும் கோயில் திடலையும் அதில்தான் வெட்டுவேன். கோயிலுக்குக் காசு வாங்குவதில்லை. இன்ஜின் புகை கக்க ஆரம்பித்ததால் டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "புது இன்ஜின் போட்டுவிடலாம் அங்கிள், எல்லாம் பொருந்தும்" என்றார்கள். 2,800 வெள்ளி கட்டினேன். மூன்றாவது தடவை வெட்டும்போது புல்லி ஆடியது, பெல்ட் கருகும் வாடை வந்தது, கத்தி நின்றுவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், "இன்ஜின் நல்லா இருக்கு, உங்க வண்டிதான் பழசு. சரி செய்ய இன்னும் 450 வேணும், அதைக் கட்டினாத்தான் வண்டி" என்கிறார்கள். ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சாப் (முத்திரை) குத்தியிருக்கிறது. பழைய இன்ஜினையும் என்னைக் கேட்காமல் இரும்புக்கடையில் போட்டுவிட்டார்கள். ஜேபிஜேயிலும் (சாலைப் போக்குவரத்து இலாகா) ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உங்கள் பழைய புல்லியின் துளை ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். புது இன்ஜினின் ஷாப்ட் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, வெர்னியரில் 22.2 மில்லிமீட்டர் காட்டுகிறது. நடுவில் உள்ள இடைவெளிக்குப் பட்டறையில் ஒரு மெல்லிய புஷ், அதாவது உலோக வளையம், செருகியிருக்கிறார்கள். அதன் சுவர் 1.6 மில்லிமீட்டர்தான். ஷாப்ட்டையும் புல்லியையும் பூட்டிப் பிடிக்கிற அந்தச் சின்ன 'கீ' அறுந்து, புஷ்ஷில் சுற்றிலும் கீறல் விழுந்திருக்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் வாங்கியது வெறும் இன்ஜின் இல்லை. இந்த வண்டியில் பொருத்தி, புல் வெட்ட வைக்கிற வேலையையும் சேர்த்துத்தான் வாங்கினீர்கள்.

மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்கிறது. 54ஆம் பிரிவு உங்களுக்கு இன்னும் தோதானது. எதற்காக அந்த வேலை என்று நீங்கள் சொல்லியிருந்தால், அந்த நோக்கத்துக்கு அது பொருந்த வேண்டும். "எல்லாம் பொருந்தும்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் வழக்கின் அச்சாணி. அது வாட்சாப்பில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். நீங்களே எங்கேயோ இன்ஜின் வாங்கிக் கொடுத்து "இதை மாட்டு" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது இன்ஜின் தேர்வுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று வாதாடலாம்.

ரசீதில் இருக்கும் சாப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தச் சட்டம் தருகிற உரிமையை ஒப்பந்தத்திலோ ரசீதிலோ எழுதிப் பறிக்க முடியாது. 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நம் ஊரில் பாதிக் கடைகளில் இந்த சாப் இருக்கிறது, சட்டம் படித்தவர்கள்கூட அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

வண்டியைப் பிடித்து வைப்பதைப் பற்றி. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம். ஆனால் உங்கள் 2,800ஐ அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். 450 என்பது இன்னும் செய்யாத வேலை. செய்யாத வேலைக்காக வண்டியைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது.

பழைய இன்ஜின் உங்களுடையது. கழற்றியதை விட்டுவிடுவதாக நீங்கள் ஒப்புக்கொள்ளாதவரை, அதை விற்ற காசு உங்களுக்குச் சேர வேண்டியது. இரும்பு விலைக்குப் பெரிதாக வராது, இருந்தாலும் கணக்கில் சேருங்கள்.

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி போட்டு, குறையைச் சொல்லி, 14 நாளில் கூடுதல் காசு வாங்காமல் சரி செய்து தரும்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்சாப்பிலும் அதன் படத்தைப் போடுங்கள். இந்த வாய்ப்பைக் கொடுக்காமல் நேராக வேறு பட்டறைக்குப் போய்ச் செலவு செய்துவிட்டு வந்தால் உங்கள் கை பலவீனமாகும். அவர்கள் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறொருவரிடம் சரி செய்து அந்த நியாயமான செலவை இவர்களிடம் வசூலிக்கலாம். அல்லது ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஈப்போவில் இன்னொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு விலைக்குறிப்பு வாங்கி வையுங்கள். இதற்கிடையில் ஆள் வைத்துப் புல் வெட்டியிருந்தால் அந்த ரசீதும் வேண்டும்.

அப்புறம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், நம் மக்கள் திரிபூனல் என்பார்களே அது. பேராக்கில் ஈப்போவில் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, பாரம் 1 நிரப்ப வேண்டும். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இரு தரப்பிலும் வழக்கறிஞர் வர முடியாது. எனக்குப் பிழைப்புப் போகிறது என்றாலும், இந்தத் தொகைக்கு அதுதான் சரியான இடம். தீர்ப்பு வந்து 14 நாளில் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். அங்கே போகும்போது அந்த புஷ்ஷையும் அறுந்த கீயையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பத்துப் பக்க வாதத்தைவிட அதை மேசை மேல் வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஆனால் இப்போது அவை பட்டறையில்தானே இருக்கின்றன, அதனால் கடிதத்திலேயே "கழற்றிய எல்லாப் பாகங்களையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

கோயில் திடலைக் கூலிக்கு வெட்டவில்லை என்று எழுதியது நல்லது. கூலிக்கு வெட்டுகிறவராக இருந்தால், "இவர் பயனீட்டாளரே இல்லை, தொழில் செய்கிறவர்" என்று எதிர்த்தரப்பு ஒரு கட்டையைப் போடும்.

ஜேபிஜே விஷயம் சின்னது. பதிவு செய்த கார், லோரியில் இன்ஜின் மாற்றினால்தான் அந்த நடைமுறை. உங்கள் டிராக்டருக்கு நம்பர் பிளேட்டே இல்லை. ஆனால் வீட்டிலிருந்து கோயிலுக்குச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். யார் மீதாவது இடித்தால் ரோட் டெக்ஸும் காப்புறுதியும் எங்கே என்று கேட்பார்கள். பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.