வானில் இருந்து இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கடலூரில் இருந்து கண்ணால் பார்க்க முடியுமா? சேவை எடுத்தால் டிஷ்ஷை அவற்றின் பின்னாலேயே திருப்பிக்கொண்டிருக்க வேண்டுமா?

முதல் கேள்விக்கு, முடியும். வெறுங்கண்ணும் கைபேசியும் போதும். ஆனால் சாயங்காலம் பார்ப்பதாக இருந்தால் சில்வர் பீச்சில் போய்க் கடலைப் பார்த்து நிற்காதீர்கள். கடல் பக்கம் விளக்கு இல்லை, அங்கேதான் நன்றாகத் தெரியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நட்சத்திரத்துக்கு அது சரி. சாட்டிலைட்டுக்குச் சரிப்பட்டு வராது.

அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் 550 கி.மீ. உயரத்தில் அதன் மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத் தெறிப்பதைத்தான் பார்க்கிறோம். பூமியின் நிழலோ கிழக்கே, அதாவது கடல் பக்கத்தில் இருந்துதான் மேலே எழும்பி வரும். ஸ்டார்லிங்கில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டுக்கு 53 டிகிரி, 43 டிகிரி என்று சாய்ந்த பாதையில் மேற்கில் இருந்து கிழக்கே ஓடுகிறவை. நம் ஊரில் தென்மேற்கே தோன்றி வடகிழக்கே போகும், இல்லையென்றால் வடமேற்கே தோன்றித் தென்கிழக்கே போகும். எப்படியும் கடலை நோக்கித்தான். சாயங்காலத்தில் பாதி வானம் தாண்டியதும் நிழலுக்குள் நுழைந்து, சில விநாடிகளில் மங்கிக் காணாமல் போய்விடும். மறைக்க மேகமும் இருக்காது, மரமும் இருக்காது. முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துபோய் “எங்கே போச்சு?” என்பார்கள். ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

விடியற்காலையில் இது அப்படியே மாறிவிடும். நிழல் மேற்கே இருக்கும். நடுவானத்தில் திடீரென்று ஒரு புள்ளி முளைத்துக் கடலை நோக்கிப் போகும். அப்போது பீச்சுக்குப் போங்கள், கிழக்கே பாருங்கள்.

நேரமும் முக்கியம். 550 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர் மேலே வருவது, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 23 டிகிரி இறங்கும் வரைதான் வெயிலில் இருக்கும். கடலூர் இருப்பது 11.75 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவதால் மறைந்து ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் ராத்திரி முழுக்கப் பார்க்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்புறம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மேகமும். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை பார்ப்பதே நல்லது.

எப்போது வரும் என்பதை ஹெவன்ஸ்-அபவ் (Heavens-Above) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இடத்தை மட்டும் சரியாகக் கொடுங்கள்: வடக்கு 11.75, கிழக்கு 79.77. புதுச்சேரிக்காரர்கள் இதையே வைத்துக்கொண்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு ஊருக்கும் இடையே 20 கி.மீ. தான், அந்த உயரத்துக்கு அது வானத்தில் இரண்டு டிகிரி இடம் மாறுவது, அவ்வளவே. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒளி எண் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். 3 என்றால் ஊருக்குள் மொட்டை மாடியிலேயே தெரியும். வேலை செய்யும் உயரத்துக்குப் போய்விட்டவை பெரும்பாலும் 5, 6 அல்லது அதற்கும் மங்கல். மஞ்சக்குப்பம் தெருவிளக்கில் அதெல்லாம் நடக்காத காரியம். எல்லாரும் பார்க்க ஆசைப்படும் அந்த ரயில் போன்ற ஒளிப்புள்ளி வரிசை, ஏவிய சில நாட்களுக்கு மட்டும்தான். அப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 300 கி.மீ. உயரத்தில் இருக்கும், பிறகு உயர்ந்து பிரிந்துவிடும்.

இந்த ரயில்தான் கணிப்பை ஏமாற்றும். தளங்கள் கணக்குப் போடுவது இரண்டு வரி எண்களை வைத்து. பாதையின் சாய்வு, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, காற்று இழுப்பு எல்லாம் அதில் அடக்கம். டி.எஸ். கெல்சோ என்பவர் 1985இல் தொடங்கிய செலஸ்ட்ராக் தளத்தில் இந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இவை சும்மா சுற்றும் கல் இல்லை. எஞ்சினை ஓட்டி உயர்ந்துகொண்டே போகும். தாழ இருக்கும்போது காற்றும் இழுக்கும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49இல் நாற்பது வரை, சூரியப் புயலால் மேல்வளிமண்டலம் தடித்துப்போய்த் திரும்ப விழுந்ததே இப்படித்தான். நேற்றைய எண்ணை வைத்து இன்று கணக்குப் போட்டால் ஒரு நிமிடம் முன்பின் ஆகும். ஒரு நிமிடத்தில் அது 450 கி.மீ. போயிருக்கும். அதனால் புதிய எண்களா என்று தேதியைப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே மேற்கே பார்க்கத் தொடங்குங்கள்.

2019 மே 24இல் முதல் 60 ஏறியபோது இந்த எண்களே வெளியாகவில்லை. நெதர்லாந்தின் லைடனில் இருக்கும் செயற்கைக்கோள் பார்வையாளர் மார்கோ லாங்ப்ரூக் பாதையைத் தானே ஊகித்துக் கணக்குப் போட்டு, கேமராவை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தார். அன்றிரவே அவை வரிசையாக வந்தன. அந்த வீடியோதான் உலகமெல்லாம் சுற்றியது.

சரி, டிஷ். என் மச்சான் டிடிஎச் மாட்டும் வேலை செய்கிறவன். “மாமா, நாலு நிமிஷத்துல ஓடிப்போற சாட்டிலைட்டுக்கு நட்டு முடுக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுமே” என்றான். அவன் சொன்ன நாலு நிமிடம் சரியான கணக்கு. 25 டிகிரிக்கு மேலே ஏறியதில் இருந்து இறங்கும் வரை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். ஆனால் நட்டைத் தொட வேண்டியதில்லை. அந்தத் தட்டுக்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போகும் அலையைக் கொஞ்சம் முன்பின் ஆக்கினால் அலைக் கற்றை போகும் திசை தானே திரும்பும். தட்டு அசையாமல் இருக்கும். எந்தச் செயற்கைக்கோளைப் பிடிப்பது என்பதை அமைப்பே 15 விநாடிக்கு ஒருமுறை முடிவு செய்கிறது.

நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. டிடிஎச் செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கின்றன. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த வரிசை கிழக்கு மேற்காக, உச்சிக்குச் சற்றே தெற்கே போகிறது. அவற்றின் அலைவரிசைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பது சர்வதேச விதி. எனவே தாழப் பறப்பவை அந்தப் பட்டையை விட்டு விலகித்தான் பேச வேண்டும். 53 டிகிரிக்காரர்களின் கூட்டமும் வடக்கே போகப் போகத்தான் அடர்த்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே வடக்கு வானம் திறந்திருக்கும் இடத்தில் தட்டை வைப்பதுதான் நல்லது என்பது என் கணிப்பு.

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமமும், ஜூலையில் விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தன. வாங்குவதற்கு முன் மொட்டை மாடியில் நின்று வடக்கே தென்னை இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஎச் என்றால் ஒரே திசை, மட்டை குறுக்கே இல்லை என்றால் போதும். இதற்கு வானத்தில் பெரிய பரப்பே வேண்டும். ஒரு மட்டை ஆடினால்கூட வீடியோ கால் நடுவில் நின்று நின்று வரும். தென்னையை வெட்ட மனமில்லை என்றால் ஒரு பைப்பில் தட்டைத் தூக்கிக் கட்டுங்கள். ஆனால் தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் இது, பைப்பைச் சுவரோடு சேர்த்து நன்றாக இறுக்கச் சொல்லுங்கள்.