நவீன ஹீப்ரு இலக்கியப் பேராசிரியர் என்னதான் ஆராய்கிறார்?

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யூதர்களின் பழைய மொழியான ஹீப்ருவில் வந்த கதை, கவிதை, நாவல்தான் நவீன ஹீப்ரு இலக்கியம். சரி, மொழி தெரிந்தால் படித்துவிட்டுப் போகலாமே, இதற்கு ஒரு பேராசிரியர் எதற்கு? ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தாய்மொழியாக இல்லாமல், வழிபாட்டிலும் படிப்பிலும் எழுத்திலும் மட்டுமே புழங்கிய மொழி இது என்பதால், சாதாரணச் சொல்லுக்குப் பின்னால்கூட ஒரு பைபிள் வசனம் நின்றுகொண்டிருக்கும்.

'ஹஷ்மல்' என்ற சொல்லையே பாருங்கள். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் நெருப்புக்கு நடுவே கண்ட பளபளப்பு அது. இன்றைக்கு அதற்கு அர்த்தம் கரண்ட்! ஒரு கவிஞர் அதை எழுதினால் பல்பை நினைத்தாரா, தரிசனத்தையா? இதைத் தோண்டுவதுதான் ஆராய்ச்சியில் பெரிய பங்கு, வகுப்பில் ஒரே வரியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். இப்படிப் புனிதச் சொல்லை அன்றாடத்துக்குப் புழங்குவது, பூஜையறைச் செம்பை எடுத்து மோர் கலக்குகிற மாதிரி. விபூதி வாசம் லேசில் போகாது.

அப்புறம், இதை இஸ்ரேல் நாட்டு இலக்கியம் என்று மட்டும் நினைப்பவர்கள் அதிகம். முதல் ஹீப்ரு நாவலாகச் சொல்லப்படும் ஆபிரகாம் மாப்புவின் படைப்பு வெளியானது 1853-இல், எழுதியவர் லிதுவேனியாக்காரர். இஸ்ரேல் உருவானதோ 1948-இல்.