லீடரில் விழும் முடிச்சுக்குக் காற்று காரணமல்ல

கேள்வி: ஒன்பது அடி நீளமுள்ள 5-ம் எண் தடியை வைத்துச் சில மாதங்களாக ஃப்ளை (இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சித் தூண்டில்) வீசிப் பழகுகிறேன். பத்து மீட்டர் வரை லைன் அழகாக விரிகிறது. 15 மீட்டருக்கு முயன்றால் லைன் தன்மேலேயே மோதி, லைனின் முனையில் கட்டிய மெல்லிய நரம்பான லீடரில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழுகின்றன. காற்றடித்தால் இன்னும் மோசம். அடுத்து, ஆழமில்லாத கடல் திட்டுகளில் போன்ஃபிஷ் என்ற கடல் மீனைப் பிடிக்கப் போகும் திட்டம் இருக்கிறது. விறைப்பான 8-ம் எண் தடி வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா?

பதில்: தீராது. 8-ம் எண் தடி உங்களுக்குத் தேவைதான், ஆனால் அது வேறு காரணத்துக்காக. இப்போதுள்ள பழக்கத்தோடு அதைக் கையில் எடுத்தால், இதே முடிச்சு இன்னும் தடித்த லீடரில் விழும். அவ்வளவுதான்.

இந்த முடிச்சுக்குத் தூண்டில்காரர்கள் ‘காற்று முடிச்சு’ என்று பெயர் வைத்துப் பழியைக் காற்றின்மேல் போட்டுவிட்டார்கள். இலைகூட அசையாத நாளிலும் அது விழும். முடிச்சைப் போடுவது உங்கள் கைதான். கண்ணில் பட்டதும் அவிழ்த்துவிடுங்கள், அல்லது அந்தத் துண்டை வெட்டி மாற்றிவிடுங்கள். ஒரே ஒரு சாதாரண முடிச்சு போதும், மெல்லிய நரம்பின் தாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். நல்ல மீன் மாட்டும்போதுதான் அது தெரியவரும்.

சரி, அது எப்படி விழுகிறது? மற்ற தூண்டில்களில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை கிடையாது. தடித்த லைனின் எடைதான் வீச்சைச் சுமக்கிறது. தடியின்மேல் போட்டிருக்கும் எண்ணும் அந்த எடையைத்தான் குறிக்கிறது. 5-ம் எண் லைனின் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர், 140 கிரெய்ன் எடை இருக்க வேண்டும். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 9. அதே நீளத்துக்கு 8-ம் எண் லைன் 210 கிரெய்ன், 13.6 கிராம். பத்து மீட்டர் வீச்சில் லீடரின் நீளத்தைக் கழித்தால், உங்கள் தடி அந்த 9 கிராமைக்கூட முழுதாகச் சுமப்பதில்லை. 15 மீட்டருக்குப் போகும்போது முழுச் சுமையும் ஏறுகிறது. சுமை கூடினால் தடி கூடுதலாக வளையும். உங்கள் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

பறக்கும் லைனைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ‘ப’ என்ற எழுத்தைப் படுக்கவைத்ததுபோல மேலே ஒரு காலும் கீழே ஒரு காலுமாகத் தெரியும். அந்த வளைவைத்தான் லூப் என்கிறோம். கீழ்க்கால் தடியின் நுனியோடு இணைந்திருக்கும், மேல்கால் ஃப்ளையோடு போகும். நுனி ஏறத்தாழ நேர்கோட்டில் நகர்ந்து சட்டென்று நின்றால் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒடுங்கிய லூப்பாகப் போகும். நுனி மேல்நோக்கி வில்லாக வளைந்து போனால் லூப் அகலமாகி வேகம் செத்துவிடும். நுனி நடுவழியில் ஒரு குழிக்குள் இறங்கி ஏறினால், மேல்கால் கீழ்க்காலைத் தாண்டித் தொங்கும். வால் தொங்கும் லூப் என்பது இதுதான். ஃப்ளை லீடரைக் கடக்கிறது, முடிச்சு விழுகிறது.

அந்தக் குழி ஏன் வருகிறது? உங்கள் விஷயத்தில் முதலில் நான் சந்தேகிப்பது கடிகாரப் பாடத்தைத்தான். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை தடியை ஆட்டு என்று பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். குறைந்த தூரத்துக்கு அது வேலை செய்யும். லைன் நீண்டு தடி கூடுதலாக வளையும்போது, அதே குறுகிய கோணத்துக்குள் நுனியால் நேர்கோட்டில் போக முடியாது, உள்ளே அமுங்கிவிடும். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் கேமலும் அவருடைய தந்தை ஜே கேமலும் வகுத்த ஐந்து அடிப்படைகளில் ஒன்று, லைனின் நீளத்துக்கு ஏற்பக் கோணமும் மாற வேண்டும் என்பது. இன்னொரு அமெரிக்கப் பயிற்சியாளரான லெஃப்டி க்ரேயும் தடி முன்னும் பின்னும் எவ்வளவு அதிக தூரம் பயணிக்கிறதோ அவ்வளவு உதவும் என்றே கற்றுக்கொடுத்தார். ஆகவே 15 மீட்டர் வேண்டுமென்றால் பின்வீச்சில் கையை இன்னும் பின்னால் கொண்டுபோங்கள், தடியையும் இன்னும் சாய விடுங்கள். மணிக்கட்டை மடக்கச் சொல்லவில்லை. முழங்கையும் தோளும் சேர்ந்து நகர வேண்டும்.

அடுத்த சந்தேகம், பலத்தை எங்கே போடுகிறீர்கள் என்பது. தூரம் வேண்டும் என்று மனம் நினைத்ததும் கை முன்வீச்சின் ஆரம்பத்திலேயே வெட்டி இழுக்கும். தடி ஒரேயடியாக வளைந்து, பாதி வழியில் தளர்ந்துவிடும். மெதுவாகத் தொடங்குங்கள், போகப் போக வேகத்தை ஏற்றுங்கள், முடிவில்தான் உச்சம், உடனே நிறுத்தம். தூரத்துக்கு முயலும்போது மட்டும் முடிச்சு விழுகிறது என்று நீங்கள் சொல்வதால், இந்தக் குற்றவாளிக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது கொஞ்சம் கள்ளத்தனமானது. பின்வீச்சு விரிந்து முடிவதற்குள் கை தன்னையறியாமல் முன்னால் ஊர்ந்துவிடும். முன்வீச்சுக்கு வைத்திருந்த கோணத்தில் பாதியை அது தின்றுவிடும். செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. கைபேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் நம்ப மறுப்பவர்கள் உண்டு! இதற்கு மருந்து, பின்வீச்சை நிறுத்தியபின் தடியை இன்னும் சற்றுப் பின்னால் மிதக்க விடுவது. பின்னால் போகும் கை முன்னால் ஊர முடியாது. நீண்ட லைன் விரிய நேரமும் கூடுதலாக வேண்டும். ஒரு காலைப் பின்னால் வைத்து நின்று, தலையைத் திருப்பிப் பின்வீச்சு விரிவதைக் கண்ணால் பாருங்கள். காத்திருப்பதைக் கற்றுத்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உங்கள் லைனையும் ஒருமுறை கவனியுங்கள். முன்பக்கம் கனமான வகை என்றால், தடித்த தலைப்பகுதி சுமார் 10 முதல் 14 மீட்டரில் முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும். காற்றில் ஆட்டும்போது அந்த மெல்லிய பகுதி தடி நுனிக்கு வெளியே நீளமாகப் போனால், தலையைத் தாங்கித் திருப்ப அதற்கு வலு போதாது. தலை மட்டும் வெளியே இருக்கட்டும், மீதியை இடது கையில் வைத்திருந்து கடைசி வீச்சில் விட்டுவிடுங்கள், ஓடிவிடும்.

பயிற்சியைப் புல்வெளியில் செய்யலாம். கொக்கி வேண்டாம், நுனியில் ஒரு துண்டு கம்பளி நூல் போதும். பத்து மீட்டரில் தொடங்குங்கள், லூப் சுத்தமாக இருந்தால் ஒரு முழம் கூட்டுங்கள், வால் தொங்கத் தொடங்கினால் அந்த ஒரு முழத்தைக் குறையுங்கள். இடது கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் இரட்டை இழுப்புக்கு இப்போது போகாதீர்கள். கோணல் வீச்சோடு அதைச் சேர்த்தால் கோணலும் வேகமாகப் போகும்.

இப்போது 8-ம் எண். போன்ஃபிஷ் திட்டுகள் பஹாமாஸிலோ பெலீஸிலோ சேஷல்ஸிலோ எங்கிருந்தாலும் திறந்த வெளி, காற்றைத் தடுக்க எதுவும் இருக்காது. கனமான லைன் காற்றைக் கிழிக்கும், எடை கட்டிய ஃப்ளையையும் கொண்டுசேர்க்கும். 8-ம் எண் அங்கே வழக்கமானது அதனால்தான். எதிர்காற்றில் பின்வீச்சைச் சற்று உயர்த்தி முன்வீச்சை நீருக்கு அருகே தாழ்த்துங்கள். காற்று முதுகில் அடித்தால் இதற்கு நேரெதிர். வலது கைக்காரருக்கு வலப்பக்கக் காற்றுதான் ஆபத்து, ஃப்ளை உடம்பை நோக்கி வரும். தடி நுனியை இடது தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசலாம், அல்லது மீனுக்கு முதுகைக் காட்டி நின்று பின்வீச்சிலேயே ஃப்ளையை இறக்கிவிடலாம். கண்ணாடி இல்லாமல் வீசவே கூடாது.

அங்கே வழிகாட்டி படகின் முனையைப் பன்னிரண்டு மணியாக வைத்து “பதினொரு மணி, நாற்பது அடி” என்று கூவுவார். நாற்பது அடி என்றால் 12 மீட்டர்தான். இரண்டு ஆட்டலுக்குள் ஃப்ளை நீரில் இருக்க வேண்டும், ஏனென்றால் மீன் நிற்காது. ஆக, நீங்கள் கவலைப்படும் தூரத்தைவிட வேகமும் குறியும் அங்கே முக்கியம். தடியை இப்போதே வாங்காமல் ஒரு வாரம் இரவல் கேட்டு அதே புல்வெளியில் வீசிப் பாருங்கள். வாங்கும்போது லைன் உறையில் உள்ள எடையையும் பாருங்கள். 8 என்று அச்சிட்டு அரை எண், ஒரு எண் கூடுதல் எடையோடு விற்கும் லைன்கள் நிறைய உண்டு. அப்புறம், போன்ஃபிஷ் கடித்ததும் தடியைத் தூக்காதீர்கள், லைனை இடது கையால் நீளமாக இழுங்கள். டிரவுட் என்ற நன்னீர் மீனைத் தடியைத் தூக்கிப் பிடித்துப் பழகிய கை இதை முதல் நாளே மறந்துவிடும்.