வைரம் எரிமலையில்தான் உருவாகிறதா? வைரம் உள்ள எரிமலைப் பாறைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நிலவியல் படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

வைரம் எரிமலையில் உருவாவதில்லை; எரிமலை அதைச் சுமந்து வந்தது, அவ்வளவே. பெரும்பாலான வைரங்கள் தரைமட்டத்திலிருந்து 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் என்ற அடுக்குக்குள், மிகப் பழமையான கண்டப் பகுதிகளுக்கு அடியில் உருவானவை. கிரேட்டான் எனப்படும் இப்பகுதிகளின் அடித்தளம் தடித்தது. அங்கே அழுத்தம் மிக அதிகமாகவும், வெப்பம் அந்த ஆழத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், கார்பன் கிராஃபைட்டாக மாறாமல் வைரமாகவே நிலைத்திருக்கிறது. (நிலக்கரி அழுந்தி வைரமாகிறது என்று பலரும் நம்புவது சரியல்ல. பெரும்பாலான வைரங்கள் நிலத்தில் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே உருவாகிவிட்டன.)

பல வைரங்களின் வயது 100 கோடி ஆண்டுகளைத் தாண்டும். சிலவற்றின் வயது 300 கோடியையும் தாண்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் அவற்றை மேலே கொண்டுவந்த கிம்பர்லைட் பாறைக்குழம்பு வெளிவந்தது 9 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்புதான். கார்பன் டை ஆக்சைடும் நீரும் மிகுந்த அந்தக் குழம்பு, சில மணி நேரங்களிலோ சில நாட்களிலோ மேலே ஏறிவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். மெதுவாக ஏறியிருந்தால் வைரம் வழியிலேயே கரைந்தோ கிராஃபைட்டாகவோ போயிருக்கும். தரையை நெருங்கும்போது வாயுக்கள் விரிந்து வெடிப்பதால், மேலே அகன்றும் கீழே போகப்போக ஒடுங்கியும், மண்ணில் புதைந்த முள்ளங்கியைப் போன்ற ஒரு பாறைக்குழாய் உண்டாகிறது; அதை நிரப்பி இறுகிய பாறைதான் கிம்பர்லைட். இத்தகைய வெடிப்பை மனிதர் எவரும் நேரில் பார்த்துப் பதிவு செய்ததில்லை.

இனி தேடலுக்கு வருகிறேன். ஒரு டன் பாறைக்கு ஒரு காரட், அதாவது 0.2 கிராம் வைரம் கிடைத்தாலே அது நல்ல சுரங்கம். எனவே வைரத்தையே தேடிப் போனால் எதுவும் அகப்படாது. அதே பாறையில் ஏராளமாக உடன் வரும் கனிமங்களைத்தான் தேட வேண்டும். செவ்வூதா நிறப் பைரோப் கார்னெட், பச்சை நிறக் குரோம் டயாப்சைடு, மக்னீசியம் மிகுந்த கரிய இல்மனைட் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆற்று மணலைச் சலித்து, கனமான துகள்களை மட்டும் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். நிறம் மட்டும் போதாது: நம் தென்கோடிக் கடற்கரைகளில் மணலைச் சிவக்க வைப்பதும் கார்னெட்தான், ஆனால் அது மேலோட்டுப் பாறைகளில் பிறந்த வேறு வகை.

ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள பைரோப் துகள் பல செய்திகளைச் சொல்லும். கிம்பர்லைட்டிலிருந்து புதிதாக விடுபட்ட துகளின் மேல், ஏறிவரும்போது நிகழ்ந்த வேதிவினையால் உண்டான கருமையான மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். ஆற்றில் உருண்டு வந்தால் அது தேய்ந்துவிடும் என்பதால், தோல் இன்னும் இருக்கிறதென்றால் மூலப்பாறை அருகில் இருக்கிறது என்று பொருள். குரோம் டயாப்சைடு இன்னும் எளிதில் சிதையக்கூடியது. எனவே அது கிடைப்பதும் நல்ல அறிகுறி.

இந்த முறையின் சிறப்பைக் காட்ட போட்ஸ்வானாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. லிம்போபோ ஆற்றில் கலக்கும் மொட்லௌட்சே ஆற்றுப் படுகையில் 1950களில் சில சிறு வைரங்கள் கிடைத்தன. ஆனால் ஆற்றின் தலைப்பகுதி வரை தேடியும் மூலப்பாறை அகப்படவில்லை. டி பீர்ஸ் என்ற வைரச் சுரங்க நிறுவனத்தின் நிலவியலாளர் கேவின் லமான்ட், ஆறு இன்று தொடங்கும் இடம் அதன் பழைய தொடக்கமல்ல என்று கருதினார். நிலம் பிற்காலத்தில் மேடாக உயர்ந்து ஆற்றின் மேல்பகுதியைத் துண்டித்திருக்க வேண்டும், ஆகவே மூலம் நீர்ப்பிரிமேட்டுக்கு அப்பால் மேற்கே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய குழு அங்கே தேடி, 1967இல் ஒராபாவைக் கண்டது. சுமார் 118 ஹெக்டேர் பரப்புள்ள அது, உலகின் மிகப் பெரிய வைரக் குழாய்களுள் ஒன்று. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவடையாத நேரம் அது. ஓர் ஆற்றின் வரலாற்றைச் சரியாகப் படித்ததால் ஒரு நாட்டின் பொருளாதாரமே மாறியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதே நாட்டின் ஜ்வானெங் என்ற இடத்தில் ஆறே இல்லை. கலகாரி மணல் சுமார் 50 மீட்டர் கனத்துக்குப் பாறையை மூடியிருந்தது. அங்கே ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கிய கறையான்கள், புற்றுக் கட்டும் மண்ணோடு கார்னெட், இல்மனைட் துகள்களையும் மேலே கொண்டுவந்திருந்தன. அந்தத் தடயத்தைப் பின்பற்றிக் கண்டறிந்த குழாயில் 1982இல் சுரங்கம் திறக்கப்பட்டது.

ஆயினும் கிம்பர்லைட்டுகளில் பெரும்பாலானவை வெட்டியெடுக்கும் அளவுக்கு வைரம் இல்லாதவை. இதை முன்கூட்டியே கணிக்க, கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்னி கார்னெட்டின் வேதியியலையே பயன்படுத்தினார்: குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்த பைரோப், வைரம் நிலைத்திருக்கும் ஆழத்திலிருந்து வந்ததாகும். 1991இல் கனடாவின் லாக் டி கிரா பகுதியில் வைரக் குழாயைக் கண்டறிய இந்தச் சோதனை பெரிதும் உதவியது. அதன் பிறகும் துளையிட்டு, டன் கணக்கில் பாறையை உடைத்து, ஒரு டன்னுக்கு எத்தனை காரட், கற்களின் தரம் என்ன என்று கணக்கிட்டாக வேண்டும். ஒராபாவிலும் கண்டுபிடிப்புக்குப் பின் நான்கு ஆண்டுகள் கழித்து, 1971இல்தான் உற்பத்தி தொடங்கியது.