நெல் களத்தில் கிடக்கும்போது எந்த மழை அறிவிப்பை நம்புவது?

கேள்வி: கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு பக்கம் குறுவை அறுவடை செய்து, நெல்லைக் களத்தில் காய வைத்திருந்தேன். செல்போனில் 70 சதவீதம் மழை என்று காட்டிய நாளில் ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை. 30 சதவீதம் என்று காட்டிய மறுநாள் மாலை, அரை மணி நேர மழையில் நெல் முழுக்க நனைந்துவிட்டது. வானொலியில் ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்கிறார்கள். அந்த ஓரிரு இடத்தில் என் ஊர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காலையில் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஓரளவு நன்றாகவே தெரிந்துகொள்ளலாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும் என்ற நிலையில், உங்களுக்குத் தேவையானதும் அந்த ஒன்றிரண்டு மணி நேர முன்னறிவுதான்.

முதலில் அறிவிப்பின் பொருள். வானிலை ஆய்வு மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கில் மழை பதிவாகும் என்று கணக்கு. ‘ஒருசில இடங்களில்’ என்றால் கால் பங்குக்கு மேல், பாதி வரை. ஆகவே, மாவட்டத்தின் முக்கால் பாகம் காய்ந்து கிடந்தாலும் அந்த அறிவிப்பு பலித்ததாகவே ஆகும். உங்கள் செல்போன் காட்டும் சதவீதமும் இப்படித்தான். 30 சதவீதம் என்று வரும் நாட்கள் பத்தை எடுத்துக்கொண்டால், அவற்றில் மூன்றில் மழை பெய்ய வேண்டும். மழை லேசா, கொட்டுமா என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. நெல் காய வைப்பவருக்கு 30 என்பது சின்ன எண் அல்ல.

இடத்தைக் குறித்துச் சொல்ல முடியாததற்குக் காரணம் மேகம் உருவாகும் விதம். செப்டம்பரில் நம் பக்கம் மேற்கிலிருந்து மேல்காற்று வீசும். நண்பகலுக்குள் தரை சுட்டுவிடும். அதன் பிறகு வங்கக் கடலிலிருந்து ஈரமான கடல்காற்று உள்ளே நுழையும். இரண்டு காற்றும் முட்டும் கோட்டில், போக்கிடம் இல்லாத காற்று மேலே எழும்புகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளித் துளியாகத் திரள்கிறது. ஒரு மழைத்துளி உருவாக இந்த நுண்துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் உறைநிலை. இடிமேகம் அதையும் தாண்டி 15 கிலோமீட்டர் வரைகூட வளரும். உலை கொதிக்கப்போவது தெரியும், முதல் குமிழி எந்த இடத்தில் கிளம்பும் என்பது தெரியாது. 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு முறை நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தனி இடிமேகம் ஒன்றே சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அதன் ஆயுளும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எனவே இரண்டு மணி முதல் மேற்கு வானத்தைப் பாருங்கள். அந்த மாதத்தில் இடிமேகங்கள் பெரும்பாலும் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பக்கம் கட்டி, மேல்காற்றோடு கிழக்கே நகர்ந்து, மாலையிலோ முன்னிரவிலோ நம்மை வந்தடையும். மேகத்தின் உச்சியைக் கவனியுங்கள். விளிம்பு வெட்டியதுபோல் தெளிவாக, கட்டி கட்டியாகப் புடைத்துக்கொண்டிருந்தால் அது இன்னும் வளர்கிறது. அந்த விளிம்பு மங்கி, இழை இழையாகப் பிரிந்து, உச்சி தட்டையாகப் பரவினால் மேலே பனிக்கட்டித் துகள்கள் உருவாகிவிட்டன. அதன் அடியில் மழை ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும்.

வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் காரைக்கால் ரேடார் படத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் ஊர் அந்த ரேடாரிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, நன்றாகவே தெரியும். ஒரே படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கால் மணி நேரம் விட்டு இன்னொரு முறை பார்த்தால் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது புரியும். விருத்தாசலத்துக்கு மேலே, பலத்த மழையைக் குறிக்கும் சிவப்புத் திட்டு நின்று அது கிழக்கே நகர்ந்தால், உங்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. நெல்லைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட அது போதும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக வரும் உடனடி அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். காலை அறிவிப்பைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

திடீரென்று மேற்கிலிருந்து சில்லென்று காற்று அடித்து, வைக்கோல் பறந்து, தார்ப்பாயின் ஓரம் படபடத்தால் மழை சில நிமிடங்களில் வந்துவிடும். மழையோடு சேர்ந்து மேகத்திலிருந்து கீழே இறங்கும் குளிர்காற்று அது. முன்னால் இருக்கும் வெப்பக் காற்றை அது உந்தித் தூக்குவதால், பக்கத்திலேயே புது மேகமும் பிறக்கும். ஒரு மழை விட்டதும் நெல்லைத் திரும்பவும் விரித்துப் போடாதீர்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் திறந்த களத்தில் நின்று தார்ப்பாயை இழுக்கவே கூடாது. மரத்தடியிலும் ஒதுங்கக் கூடாது. நெல் நனைந்தால் நனையட்டும். ஆட்களை அழைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கு மாறும். அப்போது மேகம் கடலில் கட்டி, கிழக்கிலிருந்து, பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் வரும். தாழ்வு மண்டலம், புயல் போன்றவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ளவை என்பதால் சில நாட்கள் முன்பே தெரிந்துவிடும். ஆனால் அவை எங்கே, எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் வியப்புகள் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே நகராமல் நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் ரேடாரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தால் தள்ளிப் போடுங்கள். களத்தில் கிடக்கும் நெல்லை அன்றைக்கே மூட்டை பிடித்து மேடான இடத்துக்கு ஏற்றிவிடுங்கள்.